பாட்டு எழுதினால் பறவை பிழைக்குமா?



வருஷந்தோறும் அக்டோபர் மாதம் 2-ந் தேதி முதல் 8-ந் தேதி வரை நம் தேசம் முழுவதும் வன உயிரின வாரம் கொண்டாடப்படுவதை உங்களில் பலர் உங்கள் பிள்ளைகள் வாயிலாகவே அறிந்திருப்பீர்கள். அந்த வாரத்தில் பள்ளிக்கூடங்களில் சித்திரப் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி நடக்கும். சில இடங்களில் கவிதைப் போட்டியும் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நாளைக்குள் காட்டைப் பற்றி ஒரு கவிதை வேண்டும்" என்று நிற்கும். அப்பாவோ ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, அரைத் தூக்கத்தில் இருப்பார். செல்பேசியை எடுத்துத் தேடுவார். பசுமை, தாய்மை, வாய்மை என்று முடிகிற எட்டு வரிகள் அகப்படும். பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடும். காட்டுக்கும் நஷ்டமில்லை, லாபமுமில்லை.

இதைக் கண்டு சலித்துப்போன தகப்பனார் ஒருவர், "சாமி, கவிதை எழுதினால் குரங்கு பிழைத்துவிடுமா? இதெல்லாம் நேரத்துக்குக் கேடுதானே?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. உழைத்துப் பிழைக்கிற மனிதன் எந்தக் காரியத்தையும் அதன் பலனைக் கொண்டே மதிப்பிடுவான். ஆகையால் இந்த வாரப் பாடத்தில் அவர் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நான் ஊகமாகப் பதில் சொல்லப் போவதில்லை. நம் பக்கத்து ராச்சியத்தில், நம்மில் நடுவயதைத் தாண்டியவர்களின் காலத்திலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

பாலக்காட்டைத் தாண்டி மன்னார்க்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து மலை ஏறினால் முக்காலி. அதற்கும் அப்பால், நம் நீலகிரிக்கு மேற்குச் சரிவில், மனிதர் குடியேறாத ஒரு பெருங்காடு கிடக்கிறது. சைலண்ட் வாலி, அஃதாவது அமைதிப் பள்ளத்தாக்கு, என்று அதற்குப் பெயர். காட்டில் சாதாரணமாய் ஓயாமல் இரைகிற சில்வண்டின் சத்தம் அங்கே கேளாமையால் வெள்ளைக்காரர் அப்படிப் பெயரிட்டார்கள் என்பார்கள். மலைநாட்டு ஜனங்களோ அதைச் சைரந்திரி வனம் என்று பாரதக் கதையோடு சேர்த்துச் சொல்லுவார்கள். அதன் நடுவே குந்திப்புழை என்கிற ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது.

அந்த ஆற்றை மறித்து ஓர் அணை கட்டி மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் 1928-லேயே உண்டாயிற்று. பிறகு கேரள மின்சார வாரியம் திட்டம் வகுத்தது. 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது. அதற்காகச் சுமார் 830 ஹெக்டேர் காடு தண்ணீருக்குள் போகும். 1973-ல் திட்டக் கமிஷனும் சம்மதித்துவிட்டது. மலபார் பக்கத்தில் அக்காலத்தில் மின்சாரப் பஞ்சம் பெரிதாயிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அணையைக் கேட்டவர்கள் துஷ்டர்களல்லர். விளக்கும் வேலையும் வேண்டும் என்று கேட்ட ஜனங்களே அவர்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வந்ததனால் வயிறு நிறைந்த குடும்பங்கள் நம் பங்கில் எத்தனை! ஆகையால் அவர்களைப் பழிக்க நமக்கு வாய் கிடையாது.

ஆனால் அந்தக் காட்டிலே ஒரு குரங்கு இருந்தது. உடல் முழுவதும் கறுப்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பிடரி. சிங்கத்துக்கு இருப்பதுபோல் நுனியில் குஞ்சம் வைத்த வால். சிங்கவால் குரங்கு என்றும் சோலைமந்தி என்றும் சொல்லுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையாய் வாழ்வதில்லை. மழைக்காட்டு மரங்களின் உச்சியிலேயே வாழ்ந்து, வெடிப்பலா முதலிய மரங்களின் காயையும் பூவையும் தின்று, கீழே இறங்குவதற்கே யோசிக்கிற பிராணி அது. மரத்துக்கு மரம் கிளை தொடுகிற காடு அறுந்துபோனால் அந்தக் குரங்குக் கூட்டமும் அறுந்துபோகும்.

சென்னையில் பாம்புப் பண்ணையை ஸ்தாபித்த ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பத்திலேயே இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். அதே காலத்தில் ஸ்டீவன் கிரீன் என்பவரும் கேரன் மின்கோவ்ஸ்கி என்பவரும் இந்தக் குரங்கை ஆராய்ந்து எழுதினார்கள். பறவை அறிஞர் சாலிம் அலி காட்டைக் காக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். நம் கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1979-ல் அந்தப் பிரதேசத்தைப் பரிசீலித்து, அதைப் பாதுகாக்க வேண்டும் என்றே கருத்துத் தெரிவித்தார். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் ஜன விஞ்ஞானச் சங்கத்தார், பேராசிரியர் எம். கே. பிரசாத் முதலியோர், செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, மின்சாரத்துக்கு வேறு வழி என்ன என்று கணக்குப் போட்டு ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகும் சாதாரண ஜனங்களுக்கு விஷயம் எட்டவில்லை. ஏன்? கணக்கு எல்லாருக்கும் விளங்காது. "ஒரு குரங்குக்காக மின்சாரத்தை விடுவதா?" என்ற ஒற்றைக் கேள்வி இருக்கிறதே, அது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் உடனே விளங்கிவிடும், அதற்குப் பதில் சொல்ல முந்நூறு பக்க அறிக்கை போதாது. இந்த இடத்தில்தான் கவிகள் வந்தார்கள்.

சுகதகுமாரி என்னும் மலையாளப் பெண் கவி 1934-ல் ஆரன்முளையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் போதேசுவரனும் கவி, தேச விடுதலைக்குப் பாடுபட்டவர். சாகித்திய அகாடமிப் பரிசெல்லாம் பெற்றுப் பேரும் புகழுமாய் இருந்த அந்த அம்மாள், வீட்டில் சௌக்கியமாய் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இயற்கைப் பாதுகாப்புச் சமிதி ஒன்றைச் சேர்ந்து நடத்தி, அதன் காரியதரிசியாய் ஊர் ஊராய்ப் போனார். என். வி. கிருஷ்ண வாரியர், ஓ. என். வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், கடம்மனிட்ட ராமகிருஷ்ணன், விஷ்ணுநாராயணன் நம்பூதிரி முதலிய பெருங்கவிகளும் சேர்ந்துகொண்டார்கள். மைதானத்திலும் கல்லூரியிலும் ஜனங்களைக் கூட்டி, காட்டைப் பற்றிய கவிதைகளை வாய்விட்டுப் படித்தார்கள். சுகதகுமாரி மரத்தைத் துதித்து எழுதிய 'மரத்தினு ஸ்துதி' என்ற கவிதை, அந்தக் கூட்டங்களில் முதலில் பாடப்படுகிற வாழ்த்துப் பாட்டாகவே ஆகிவிட்டது.

பரிகாசம் இல்லாமலில்லை. "மரக்கவிகள்" என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். நம் தமிழிலும் அந்த வார்த்தைக்கு அதே குத்தல்தான் இருக்கிறது பாருங்கள்! மனிதன் பட்டினி கிடக்க மரத்தைப் பாடுகிறார்களே என்றார்கள். வளர்ச்சிக்கு விரோதிகள் என்றார்கள். அவர்கள் பாட்டை நிறுத்தவில்லை.

முடிவு என்ன? மத்திய அரசாங்கம் பேராசிரியர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் ஒரு கமிட்டி வைத்து, சகலத்தையும் ஆராயச் சொல்லிற்று. 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15-ந் தேதி சைலண்ட் வாலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7-ந் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார். குந்திப்புழை இன்றைக்கும் மறிக்கப்படாமல் ஓடுகிறது. சோலைமந்தியும் இருக்கிறது.

அப்படியானால் பாட்டுத்தான் காட்டைக் காத்ததா என்று கேட்டால், அப்படிச் சொல்லுவது மிகையாகும். விஞ்ஞானிகளின் கணக்கு இல்லாவிட்டால் டில்லியில் ஒருவரும் அந்தக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். பாட்டு இல்லாவிட்டாலோ, கோப்பைத் திறக்கும்படி கேட்பதற்கு ஜனங்களே இருந்திருக்கமாட்டார்கள். அதுவரை பெரும்பாலோர் பார்த்திராத குரங்கின் பேரில் லட்சக்கணக்கான பேருக்கு ஒரு பந்துத்துவம் உண்டாயிற்றே, அதைக் கணக்கு உண்டாக்கவில்லை. கவிகள் செய்த வேலை அதுவே. அதற்கு மேலே ஒன்றும் கவனிக்க வேண்டும். சுகதகுமாரி பாட்டோடு நிற்கவில்லை. மொட்டையாய்ப் போன அட்டப்பாடி மலையில் கிருஷ்ணவனம் என்று ஒரு காட்டை வளர்ப்பதற்குப் பாடுபட்டார். 1985-ல் ஆதரவற்ற பெண்களுக்கும் மனநோயாளிகளுக்கும் 'அபயா' என்ற இல்லத்தை ஏற்படுத்தினார். மரத்தைப் பாடினவளுக்கு மனிதன் கண்ணில் படவில்லை என்று பரிகசித்தவர்களுக்கு அதுவே உத்தரவாயிற்று. கொரோனா நோய் கண்டு 2020 டிசம்பர் 23-ந் தேதி அவர் காலமானார்.

இது நிற்க. நம் பிள்ளைகளின் கவிதைக்கு வருவோம்.

சில காலத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட போட்டிக்கு என்னையும் நடுவர்களில் ஒருவனாக அழைத்திருந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட கவிதைகள் வந்திருந்தன. வாசித்துக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் சிங்கம் கர்ச்சித்தது, புலி பாய்ந்தது, மயில் ஆடியது, வனத்தாய் அழுதாள். எழுதின பிள்ளைகளில் எவரும் சிங்கத்தை வண்டலூர்க் கூண்டைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுக் காட்டில் சிங்கமே கிடையாது என்பதையும் அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஏரியில் நின்றுகொண்டிருந்த பறவைகளின் பெயர் ஒரு கவிதையிலும் இல்லை. இல்லை, ஒன்றிலே இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள். எதுகை மோனை ஒன்றும் சரியாயில்லை. அவள் சொன்ன விஷயம் இவ்வளவே: அவள் வீட்டுக்குப் பக்கத்து வயலில் முன்பெல்லாம் எருமை மேயும்போது அதன் பின்னால் கொக்கு நடக்கும். இப்போது எருமையைக் காணோம். மனை போடுவதற்காக மண்ணைத் தள்ளுகிற மஞ்சள் வண்டிக்குப் பின்னால் அதே கொக்கு நடக்கிறது. வண்டி போன பிறகு அது எதன் பின்னால் நடக்கும் என்று கேட்டு முடித்திருந்தாள்.

எனக்குச் சிறிது நேரம் அடுத்த தாளை எடுக்க மனம் வரவில்லை. அவள் கண்டது மெய். உண்ணிக்கொக்கு என்கிற அந்தப் பறவை, மேய்கிற மாட்டின் காலடியில் கிளம்புகிற வெட்டுக்கிளியையும் பூச்சியையும் பிடித்துத் தின்பது. டிராக்டருக்குப் பின்னாலும் மண் வண்டிக்குப் பின்னாலும் அதே காரணத்துக்காகவே நடக்கிறது. அந்தப் பிள்ளை புஸ்தகம் பார்த்து இதை எழுதவில்லை; வாசலில் நின்று பார்த்து எழுதினாள். மற்ற நடுவர்கள் நடை போதாது என்றார்கள். நான் விடாமல் வாதாடினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதற்பரிசு வனத்தாய்க்குப் போயிற்று.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாடத்துக்காகச் சொல்லுகிறேன். வனத்தாய்க் கவிதை எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகையினாலே எந்த ஊரையும் அது காக்காது. அந்தக் கொக்குக் கவிதையை வாசித்தவனோ, மறுநாள் மண் வண்டியைக் கண்டால் அதன் பின்னால் கொக்கைத் தேடுவான். நான் இன்னமும் தேடுகிறேன்.

நம் முன்னோர்களுக்கு இந்த ரகசியம் நன்றாய்த் தெரிந்திருந்தது. குறிஞ்சிப்பாட்டு எழுதிய கபிலர் ஒரே பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் பெயராய் அடுக்கினார். "மலையில் பூக்கள் மலர்ந்தன" என்று ஒரே வரியில் முடித்துவிட அவருக்குத் தெரியாதா? சத்திமுத்தம் என்கிற ஊரிலிருந்த புலவர் ஒருவர், வறுமையால் பிரிந்திருக்கிற தம் மனைவிக்கு நாரையைத் தூது விட்டார். அந்தப் பாட்டில் நாரையின் அலகுக்கு அவர் சொன்ன உவமை பனங்கிழங்கு. நம் பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கும் தெரியும், நாரையையும் காட்டலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஏழைப் புலவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது விளங்கும். குளிரிலே நடுங்கிக்கொண்டிருந்த மனிதனுக்கு அந்தக் கண் இருந்தது!

நம் திருச்சபையிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஆனால் அதைப் பலர் தவறாய் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அர்ச். பிரான்சிஸ் அசீசியார் 1225-ம் வருஷத்தையொட்டி, கண் பார்வை மங்கி நோயாய்க் கிடந்த நாளில், இலத்தீனில் அல்ல, தம் ஜனங்கள் பேசிய பாஷையிலேயே சிருஷ்டிகளின் கீதத்தை இயற்றினார். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவராயிற்றே, அதிலே பறவைகள் நிறைய இருக்கும் என்று எண்ணுவோம். ஒரு பறவைகூட இல்லை. சூரியன், சந்திரன், காற்று, தண்ணீர், நெருப்பு, பூமி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அழைத்து, சகோதரன் என்றும் சகோதரி என்றும் முறை சொல்லுகிறார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் பூமியைப் பாதுகாப்பது பற்றி எழுதிய நிருபத்துக்கு அந்தக் கீதத்தின் வார்த்தைகளையே தலைப்பாக வைத்தார்.

அந்நிய தேசங்களில் இந்தக் காரியத்தைப் பெரிய அளவில் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 'ரியால்டோ' என்னும் கவிதைப் பத்திரிகை, அந்நாட்டு ராஜாங்கப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தோடு சேர்ந்து இயற்கைக் கவிதைப் போட்டி நடத்தியிருக்கிறது. அந்தச் சங்கம் பிறந்த கதை நம் வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கும். அக்காலத்தில் சீமாட்டிகள் தொப்பியில் பறவைச் சிறகு செருகிக்கொள்வது நாகரிகமாயிருந்தது. கொக்குகளுக்கு இனப்பெருக்க காலத்தில் முதுகில் முளைக்கிற மெல்லிய இறகுகளுக்காகத் தாய்க் கொக்குகளைக் கொன்று, குஞ்சுகளைக் கூட்டிலேயே பட்டினி போட்டார்கள். 1889-ல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் எமிலி வில்லியம்சன் என்ற அம்மாள், சிறகு அணிவதில்லை என்று பெண்களைச் சேர்த்துப் பிரதிக்கினை செய்வித்தார். அந்நாட்டுப் பறவை அறிஞர் கழகமோ ஆண்களுடையதாகவே இருந்தது. சிறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் அங்கே 1921-ல்தான் வந்தது, முப்பத்திரண்டு வருஷம்!

ஆனாலும் அவ்வளவு தூரம் போவானேன்? வேடந்தாங்கல் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. செங்கற்பட்டு வழியாய் ஒரு காலைப் பயணம்தான். அங்கே பறவையைக் காத்தவர்கள் கவிகளல்லர், குடியானவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவோடு சேர்ந்த தண்ணீர் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாய்த் தெரியும். கும்பினிக் காலத்தில் துரைமார் வந்து பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது, கிராமத்தார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, இனி எவரும் அங்கே பறவை சுடக்கூடாது என்று 1798-ல் கவுல் வாங்கிவிட்டார்கள். அந்த ஏரி 2022-ல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற நீர்நிலையாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாட்டும் எழுதாமல் இருநூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்களே, அப்போது பாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பாட்டு தேவைப்படவில்லை. ஏனெனில் ஏரிக்கும் அவர்கள் சோற்றுக்கும் நடுவே சுவர் எழும்பவில்லை. அவர்கள் தினந்தோறும் பறவையைப் பார்த்தார்கள்.

நம் நிலைமை வேறு. நம்மில் அநேகர் வேறு ஜில்லாக்களிலிருந்து வேலைக்காக இங்கே வந்து குடியேறினவர்கள். சிலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அரிசி ரேஷனிலும் கடையிலும் வருகிறது, தண்ணீர் லாரியிலும் கேனிலும் வருகிறது. ஏரியோ பஸ் ஜன்னலில் அரை நிமிஷம் தோன்றி மறைகிற ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏரி நம்மை மறப்பதில்லை. சென்னைக்காரர்கள் அடையாறு என்கிற ஆற்றுக்கு நம் மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகுதித் தண்ணீரே தலைப்பு. 2015-ல் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கினபோது அதைக் கண்ணாரக் கண்டோம். தினமும் பாராததைத் தினமும் பார்க்கச் செய்வதற்கு நமக்கு ஏதாவது ஓர் உபாயம் வேண்டியிருக்கிறது. பிள்ளையின் கவிதை அதற்கு நல்ல உபாயம் என்பது என் எண்ணம்.

ஆகையால் பெற்றோர்களே, இந்த வருஷம் போட்டிக்குப் பிள்ளை கவிதை கேட்டால் செல்பேசியை எடுக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில், வெயில் ஏறுவதற்கு முன், அதை ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். மழை பெய்து தண்ணீர் நின்ற பிறகு போனால் இன்னும் நல்லது. அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். நமக்கு அதுதான் கஷ்டம். பிள்ளைகளுக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

எதைப் பார்ப்பது? நம் பக்கத்து ஏரிகளில் சாதாரணமாய்க் காணக்கூடிய சிலவற்றைச் சொல்லுகிறேன். மடையான் என்று ஒரு கொக்கு. மடை வாயிலிலும் சேற்று ஓரத்திலும் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் ஓரடி எடுத்து வைத்தால் எழும்பும். அப்போது பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும்! இவ்வளவு வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது என்று பிள்ளை கேட்கும். கவிதையில் பாதி அங்கேயே ஆயிற்று.

முக்குளிப்பான் என்று கைக்குள் அடங்குகிற ஒரு சிறு பறவை உண்டு. கண் முன்னே இருக்கும், சட்டென்று முழுகும், எங்கே எழும்புமோ தெரியாது. பிள்ளைகள் பந்தயம் கட்டி விளையாடலாம். தண்ணீரில் மிதக்கிற பாசியைக் கூட்டி அது கூடு கட்டும். கூட்டை விட்டுப் போகவேண்டி வந்தால் முட்டையின் மேல் பாசியை இழுத்து மூடிவிட்டுப் போகும். குஞ்சு பொரித்தபின் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். பாம்புத்தாரா உடல் முழுவதையும் தண்ணீருக்குள் வைத்துக் கழுத்தை மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டு போவதால் அந்தப் பெயர் பெற்றது. பிறகு பட்ட மரத்தில் ஏறி, துணி உலர்த்துவதுபோல் சிறகை விரித்து உலர்த்தும். நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அந்த அலகால் அது நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துத் தின்னும். தாமரை இலையின் மேல் நீண்ட விரல் வைத்து நடக்கிற இலைக்கோழிகளில் அடைகாப்பது தகப்பன். இரவு ஷிப்டுக்கும் பகல் ஷிப்டுக்கும் நடுவே பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற நம் தகப்பன்மார்களுக்கு இதை விசேஷமாய்த் தெரிவிக்கிறேன்.

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். நான் சொன்னதே சரி என்று பிடிவாதமில்லை. வீட்டிலே ஆயா இருந்தால் அவரைக் கேளுங்கள். ஏரியில் ஆடு மாடு ஓட்டுகிறவரை, மீன் பிடிக்கிறவரைக் கேளுங்கள். வெளி ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு பறவைக்கு நம் பங்கிலேயே நாலு பெயர் சேர்ந்தால் அது எவ்வளவு நல்ல காரியம்! புஸ்தகம் வேண்டுவோர் மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற கட்டுரைத் தொகுப்பைத் தேடிப் பிடிக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996-ல் இறக்கும் வரையில் கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் பிராணிகளைப் பற்றி விடாமல் எழுதிவந்தவர். தமிழிலும் எழுதினார். தாம் கண்ணால் காணாத ஒன்றை அலங்காரத்துக்காக எழுதும் வழக்கம் அவரிடம் கிடையாது. சு. தியடோர் பாஸ்கரன் அந்தக் கட்டுரைகளைத் திரட்டிப் பதிப்பித்தார். அவருடைய சொந்தக் கட்டுரைகளும் பிள்ளைகள் வாசிக்கத் தக்கவை.

பறவையைத் தவிர வேறு சிலதும் கண்ணில் படும். வேலிகாத்தான் முள், ஆகாயத்தாமரை, கரையோரம் கொட்டின குப்பை மூட்டை, மதகில் சிக்கின பிளாஸ்டிக் பை. கவிதைக்கு இவை அழகல்லவே என்று பிள்ளையின் கண்ணைத் திருப்பாதீர்கள். அதையும் எழுதட்டும். அந்தக் கொக்குப் பெண் மண் வண்டியை விட்டுவிட்டு எழுதியிருந்தால் அது கவிதையாகவே இருந்திராது.

நம் ஊர்ப்பெயர் சரித்திரத்தில் யுத்தத்துக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ ராஜா நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த இடங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்லுகிறது. மணிமங்கலத்து மடையானைப் பற்றி ஒரு பாட்டு எழுதுவதற்குச் செப்பேடு வேண்டாம். பழைய நோட்டுப் புஸ்தகத்தில் ஒரு தாள் போதும்.

அப்படி எழுதின பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் பரிசு வந்தாலும் வராவிட்டாலும், கவிதையை ஞாயிறு பூசை முடிந்தபின் என்னிடம் கொண்டுவந்து கொடுக்கலாம். இந்தத் தாளில் இடம் உள்ளமட்டும் பிரசுரிப்போம். எதுகை பார்க்கமாட்டேன். ஆனால் மூன்று விஷயம் கேட்பேன்: எந்த ஜீவனைப் பார்த்தாய், எந்த இடத்தில் பார்த்தாய், அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது? ஒடியா, இந்தி, தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் பாஷையிலேயே எழுதலாம். யாராவது எனக்கு வாசித்து அர்த்தம் சொன்னால் போதும். ஏரிக்குப் போகிறவர்கள் சிறு பிள்ளைகளைக் கலங்கல் பக்கமும் மதகுப் பக்கமும் தனியே விடவேண்டாம். மழைக்காலத்தில் அங்கே பாசி வழுக்கும்.